கவுஞ்சி ஓடையும் ஆனிலைத் தீர்த்தமும்

திருக்கோயிற் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றாக வகுத்துரைப்பது நம் மரபு. முன்னிரண்டையும் இம்மலரில் பிறர் எழுதுவர். யான் தீர்த்தத்தைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

குடமுழுக்கிற்குக் கங்கை நீரும் காவிரி நீரும் கொணர்வதில் அன்பர்கள் காட்டும் ஊக்கம் போற்றற்குரியது. ஆயினும், கவுஞ்சியின் ஊர்ப்புறத்தே ஓடும் ஓடை எங்குச் சென்று சேர்கின்றது என வினவின், விடை கூறுவார் சிலரே.

பழனிமலையின் முகடு வீட்டுக் கூரையின் முகடு போன்றது. தென்சரிவிற் பெய்த மழை வராகநதி முதலியவற்றால் வையையை அடையும். மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்து ஓடைகளோ வடபுறம் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேனாறாகின்றன. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் கூடியதே அமராவதி. 1957இல் கட்டிமுடித்த அணையில் தேங்கி, கொழுமம், கடத்தூர்ச் சிவாலயங்களின் கரை வழியே சென்று, பழனியிலிருந்து வரும் சண்முகநதியையும் ஏற்றுக் கருவூரை எய்துகின்றது. பின்னர்த் திருமுக்கூடலருகே காவிரியிற் கலக்கின்றது.

சங்கத்தார் ஆன்பொருநை என்றது இதனையே. திருஞானசம்பந்தர் பாடிய கருவூர் ஆனிலைக்கு இதுவே தீர்த்தம். சிவகாமியாண்டார் நாள்தோறும் பூக்கூடை சுமந்து சென்றதும், எறிபத்த நாயனார் மழுவேந்தியதும், புகழ்ச்சோழர் தம் வாளை நீட்டி நின்றதும் அவ்வூரில். மடத்தில் இவ்வரலாற்றைப் பாடங்கேட்ட இளமையில், அவ்வாற்று நீரின் ஒரு கூறு நம் மலையிற் பிறப்பதென யான் அறிந்திலேன்.

இவ்வோடையைக் காப்பன சோலையும் புல்வெளியுமே. ஐப்பசி, கார்த்திகை மழையைப் புல்லின் வேர்கள் பற்றிவைத்துக் கோடையில் சிறிது சிறிதாக விடுகின்றன. சென்ற நூற்றாண்டில் அப்புல்வெளிகளிற் பெரும்பகுதியில் சீகை, பைன், தைல மரங்களை நட்டனர். மரம் நடுதல் அறமன்றோ என்பார் உளர். புல்லுக்கும் ஒரு கடமை உண்டென்பதை அவர் எண்ணிலர். 2013இல் இம்மலைக் காடுகள் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. பூண்டு, உருளைக்கிழங்குத் தோட்டங்களின் மருந்து நீரும், நாம் எறியும் பிளாஸ்டிக் பைகளும் இன்னும் ஓடையைச் சேர்கின்றன. கருவூரார் ஆடும் துறைக்கு நாம் அனுப்புவது அது.

வேள்விச்சாலையில் நம் ஓடை நீர் நிறைந்த குடம் ஒன்றும் இருத்தல் வேண்டுமெனத் திருப்பணிக் குழுவினரிடம் வேண்டினேன், இசைந்தனர். சென்ற திங்கள் நீர் முகக்கும் இடம் தேடி இளைஞர் இருவருடன் சென்றேன். ஊருக்குக் கீழே முகக்க மனம் இசையவில்லை. தோட்டங்களையும் கடந்து, சோலையின் ஓரம்வரை ஏறினோம்.