பாரிமுனை தரும் பாடம்

நெட்டுக்குப்பத்துப் படிப்பகத்திலே, ஒரு மாலைப்பொழுதில், இளைஞர் இருவர் வாதிட்டுக் கொண்டிருந்தனர். எண்ணூர்க் கழிமுகத்தருகே, ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆலைகளும் சூழ நிற்கும் குப்பம் அது. அங்கிருந்து வேலை தேடியும், வழக்குமன்றம் நாடியும், சரக்கு வாங்கவும் மக்கள் பேருந்தேறிச் செல்லும் இடம் பாரிமுனை.

“முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலின் பெயர்தான் பாரிமுனைக்கு!” என்றார் ஒருவர்.

“இல்லை, பாரிஸ் மாநகரின் பெயர்! நடத்துநரே ‘பாரிஸ், பாரிஸ்’ என்றுதானே கூவுகிறார்!” என்றார் மற்றவர்.

தீர்ப்புக் கூறும் பொறுப்பு நம்மிடம் வந்தது. இருவர் கூற்றும் பிழை என்றோம். இருவர் முகமும் வாடிற்று. வாடத் தேவையில்லை. ஒரு பெயரைக் கேட்டவுடன் அதற்கொரு பரம்பரையைக் கற்பித்துக் கொள்வது அவ்விருவரின் குற்றம் மட்டுமன்று. நாட்டையே பிடித்துள்ள நோய் அது! மருந்து பாரிமுனையிலேயே கிடைக்கிறது.

தாமஸ் பாரி என்பவர் 1768இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். 1788இல், இருபது வயதில், சென்னைக்குக் கப்பலேறி வந்தார், வணிகரானார், வளர்ந்தார், 1824இல் இம்மண்ணிலேயே மாண்டார். அவர் நிறுவிய வணிக நிலையம் நின்ற முனைக்கு அவர் பெயரே நிலைத்தது. 1940இல் அங்கே எழுந்து முடிந்த மாளிகைக்கு, அந்நிறுவனத்தின் மற்றொரு கூட்டாளியான டேர் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. ஆனாலும் மக்கள் நாவிலே டேர் இல்லை, பாரிதான் இருக்கிறார். நம் செவிக்குப் பழகிய சங்கத்துப் பாரியின் ஒலி அதில் இருந்ததால், வேல்ஸ் நாட்டு வணிகர் பறம்புமலைக்கு உறவினராகி விட்டார்!

சரி, அந்தப் பாரி என்னும் பெயர்தான் எங்கிருந்து வந்தது? ஆங்கிலப் பெயர் என்போம். ஆங்கிலப் பெயருமன்று அது. வேல்ஸ் மொழியிலே ‘அப்’ என்றால் ‘மகன்’. ‘அப் ஹாரி’ என்றால் ஹாரியின் மகன். நாளடைவில் இரண்டும் ஒட்டின, ‘ஹ’கரம் தேய்ந்தது, பாரி பிறந்தது. இதே வழியில் ‘அப் ரைஸ்’ பிரைஸ் ஆயிற்று. ‘அப் ஹவெல்’ பவெல் ஆயிற்று. ‘அப் ரிச்சர்ட்’ பிரிச்சர்ட் ஆயிற்று. ‘அப் ஓவன்’ போவன் ஆயிற்று.

அந்த ஹாரியாவது தூய வேல்ஸ் பெயரா? இல்லை! ஹென்றி என்பதன் திரிபே ஹாரி. ஹென்றியோ செருமானிய மூலம் உடைய பெயர்; 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் பிரெஞ்சு நாட்டிலிருந்து தம்மோடு கொண்டு சென்றது. ஆக, செருமானியச் சொல், பிரெஞ்சு மண்ணில் உருமாறி, இங்கிலாந்தில் குடியேறி, வேல்ஸ் முன்னொட்டைத் தாங்கி, சென்னையிலே சங்கத் தமிழ்ப் பெயராகி விட்டது! எந்தத் தூய்மையை இதில் தேடுவது?

இன்னொன்றும் கேளுங்கள். வேல்ஸ் மக்கள் தம்மைக் ‘கம்ரி’ என்பர். ‘வெல்ஷ்’ என்பது ஆங்கிலேயரின் மூதாதையர் இட்ட பெயர். அதன் பழம்பொருள் ‘அயலான்’. வந்தேறியவர், இருந்தவரைப் பார்த்து அயலான் என்றார்! பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையே பெயர்கள் பல நேரங்களில் நமக்குச் சொல்லுகின்றன.

தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதா? மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்க ஏடு சொல்லவில்லையா? இன்றும் நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக் கொள்கிறோம். தலைமுறை மாறினால் எழுத்தும் மாறும். வேல்ஸ் வழக்கமும் அவ்வாறே இருந்தது. ஹாரியின் மகன் தாமஸ் என்றால் ‘தாமஸ் அப் ஹாரி’. அவன் மகன் ஜான் என்றால் ‘ஜான் அப் தாமஸ்’. பிறகு 1536இலும் 1543இலும் எட்டாம் ஹென்றியின் ஆட்சி இயற்றிய சட்டங்கள் வேல்சை இங்கிலாந்தோடு பிணைத்தன. வழக்குமன்றம் ஆங்கில முறையில் நடந்தது. பதிவேடுகள் ஆங்கில முறையில் எழுதப்பட்டன. ஓடிக் கொண்டிருந்த பெயர்கள் மெல்ல மெல்ல உறைந்தன. உறையும் வேளையில் எவன் தந்தை ஹாரியாக இருந்தானோ, அவன் வழியினர் எல்லோரும் பாரிகள்! நூறு ஊர்களில் நூறு ஹாரிகள். நூறு பாரிக் குடும்பங்கள். அவர்களுக்குள் உறவு என்ன? உறவே இருக்க வேண்டியதில்லை.

அரச குடும்பத்தின் கதையும் இதுதான். அந்த ஹென்றியின் கொள்ளுப்பாட்டனார் ஓவன் என்னும் வேல்ஸ்காரர். அவர் தந்தை பெயர் மரெதித். பாட்டன் பெயர் டியூடர். எந்தக் காரணத்தாலோ தந்தை பெயரை விட்டுப் பாட்டன் பெயர் ஒட்டிக் கொண்டது. டியூடர் பேரரசு என்று உலகம் படிக்கிறது. தந்தை பெயர் ஒட்டியிருந்தால், மரெதித் பேரரசு என்று நம் பிள்ளைகள் தேர்விலே எழுதியிருப்பார்கள்!

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கக்கூடும்: “பெயர் தற்செயலாக வந்திருக்கலாம். வந்த பிறகு தந்தைவழியாகத்தானே இறங்குகிறது? அப்படியானால் பெயரும் குருதியும் சேர்ந்து பயணம் செய்யுமே?”

நல்ல கேள்வி. அறிவியல் இதற்கு விடை கூறியிருக்கிறது. ஆணின் உயிரணுவிலே ஒய் குரோமோசோம் என்று ஒன்று உண்டு. அது தந்தையிடமிருந்து மகனுக்கு, ஏறத்தாழ மாறாமல், இறங்குகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயரும் அவ்வாறே இறங்குகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரியுமல்லவா? 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர் பிரையன் சைக்ஸ் தம் சொந்தப் பெயரையே ஆய்வுக்கு எடுத்தார். சைக்ஸ் என்ற பெயர் தாங்கிய ஆடவருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே வகைக் குரோமோசோம் இருந்தது. மறுபாதி? பெயர் ஒன்று, தந்தைவழி வேறு! மகளின் பிள்ளை தாய்வீட்டுப் பெயரைப் பெறுவது, தத்தெடுப்பது, மணத்துக்குப் புறம்பான பிறப்பு என்று காரணங்கள் பல.

2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 பிரித்தானியப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆடவரை ஆய்ந்தனர். அரிய பெயர்களிலே ஒற்றுமை மிகுந்திருந்தது. ஆனால் ‘ஸ்மித்’ என்ற பெயரிலே? ஸ்மித் என்றால் கொல்லன். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான். ஊருக்கு ஊர் ஸ்மித் பிறந்தான். தெருவிலே போகும் இருவரிடையே எவ்வளவு வேறுபாடு உண்டோ, அவ்வளவு வேறுபாடு ஸ்மித் இருவரிடையேயும் இருந்தது!

இவை அனைத்திலும் நம்மை நிமிர்ந்து உட்கார வைப்பது 2007இல் அதே அறிஞர்கள் வெளியிட்ட செய்தி. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஓர் அரிய பெயர்; அதைத் தாங்கிய ஆடவர் 18 பேரின் குருதியை ஆய்ந்தனர். எழுவரிடம் இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரிய, ஐரோப்பாவிலே காணக்கிடைக்காத குரோமோசோம்! தோல் வெளுப்பு, பேச்சு ஆங்கிலம், தம் குடியில் ஆப்பிரிக்கர் ஒருவர் உண்டென்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. வழிமுறையைத் தேடியபோது, 1788இலும் 1789இலும் யார்க்ஷயரில் பிறந்த முன்னோர் வரை இரு கிளைகள் சென்றன; இரண்டும் சேரும் இடம் அதற்கும் முந்தியது. ரோமாபுரிப் படையோடு வந்த ஆப்பிரிக்க வீரனோ, அடிமை வாணிபம் கொண்டுவந்து தள்ளிய ஏழையோ, அந்த மூதாதை யார் என்று சொல்ல ஏடு இல்லை. தாமஸ் பாரி சென்னைத் துறையில் இறங்கிய அதே 1788இல், கறுப்பரின் வழிவந்தவன் ஒருவன் வெள்ளையனாகவே யார்க்ஷயரில் பிறந்திருக்கிறான்! வெள்ளைத் தோல் ஆளப் பிறந்தது, கறுப்புத் தோல் அடங்கப் பிறந்தது என்று பேசிய பேரரசின் நடுவீட்டிலே, குருதி அந்தப் பேச்சைப் பொய்யாக்கிக் கொண்டு மௌனமாக ஓடியிருக்கிறது.

சரி, பெயரும் குரோமோசோமும் பிசகாமல் ஒன்றாகவே வந்ததாக வைத்துக் கொள்வோம். அப்போதும் என்ன தெரிகிறது? பெற்றோர் இருவர், அவர்தம் பெற்றோர் நால்வர், அதற்கு மேல் எண்மர். பத்தாம் தலைமுறைக்குச் சென்றால் 1,024 பேருக்கு இடமுண்டு. குடும்பப் பெயர் சுட்டுவது அந்த 1,024 பேரில் ஒரே ஒருவரை! மற்ற 1,023 பேர் எங்கே? அவர்களில் 512 பேர் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் எங்கே?

நம் இராயபுரத்தைப் பாருங்கள். 1856இல் தென்னாட்டின் முதல் பயணியர் இரயில் புறப்பட்ட இடம் அது. இரயில்வேயை நம்பி அங்கே வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல. அரசியல் சட்டத்தின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்று கூறுகிறது: தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோருள் ஒருவரோ ஐரோப்பிய வழியினராக இருத்தல் வேண்டும். தாய்வழியில் ஐரோப்பியர் இருந்தால் கணக்கில்லை! சீமையிலிருந்து வந்த ஒருவனின் பெயர் சட்டத்திலே வாழ்கிறது. அவன் பிள்ளைகளைச் சுமந்து, பாலூட்டி, தமிழ் பேசி வளர்த்த தாயின் பெயர் மறைந்து விட்டது.

இத்தனையும் ஏன் சொன்னோம்? வேல்ஸ் நாட்டு வம்சாவளி நமக்கு எதற்கு? தோழர்களே, பெயருக்குப் பின்னே வால் வைத்துக் கொண்டு, அந்த வாலிலே குலப்பெருமை மணியைக் கட்டி ஆட்டுவோர் நம் நாட்டிலே இன்னும் இருக்கிறார்கள்! பள்ளிப் பிள்ளையின் மணிக்கட்டிலே சாதி வண்ணக் கயிறு. திருமண அழைப்பிலே மூன்று தலைமுறைக்கும் பட்டம். காதலித்த மகளைக் கொல்லும் கைக்குக் ‘குருதித் தூய்மை’ என்று ஒரு சாக்கு!

அந்தத் தூய்மைக்கும் அறிவியல் விடை சொல்லி விட்டது. 2013இல், ஐதராபாத்து ஆய்வுக்கூட அறிஞர் தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர், இத்துணைக்கண்டத்தின் 73 மக்கட் குழுக்களின் மரபணுக்களை ஆய்ந்து வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கே பெருங்கலப்பு நடந்தது. மேல் என்று சொல்லிக் கொண்டவரும் கீழ் என்று தள்ளப்பட்டவரும் அக்கலப்பிலே பிறந்தவர்களே. அகமணம் என்னும் வேலி அதற்குப் பின்பு போடப்பட்டது. முதலில் கலந்தோம், பிறகே பிரிக்கப்பட்டோம்!

1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானம் செய்தது. பட்டத்தை விட்டால் பரம்பரை போய்விடுமா என்று எள்ளி நகையாடியோர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1917இல், செருமனியோடு போர் நடந்த நேரம், இங்கிலாந்தின் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தம் குடும்பத்தின் செருமானியப் பெயரைத் துறந்தார். ‘விண்ட்சர்’ என்று புதுப்பெயர் பூண்டார். ஒரே ஓர் அறிவிப்பு! முடி விழவில்லை, குருதி மாறவில்லை. உலகாண்ட மன்னனுக்கே கழற்றி வைக்கும் சட்டையாக இருந்த பெயர், நமக்கு மட்டும் உரிக்க முடியாத தோலா?

பெயர்களை வெறுக்கச் சொல்லவில்லை நாம். பெயரை ஏடாகப் படியுங்கள். அதிலே தொழில் இருக்கும், ஊர் இருக்கும், தந்தை மீது அன்பு இருக்கும், பதிவேட்டை எழுதியவனின் அதிகாரமும் இருக்கும். கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயரிலே தானியக் கடையின் மணம் இருக்கிறது. அதிலே என்ன இழிவு? ஆனால் உயர்வு தாழ்வை மட்டும் பெயரிலே தேடாதீர்கள். அங்கே அது இல்லை. எவரோ எழுதி வைத்தால்தான் உண்டு.

நெட்டுக்குப்பத்து இளைஞர் இருவரிடமும் இதைத்தான் சொன்னோம். கேட்டு முடித்ததும், வள்ளல் கட்சிக்காரர் சிரித்துக் கொண்டே வினவினார்: “அப்படியானால், ஐயா, பாரி வள்ளலின் வழியில் வந்தவர்கள் யார்?”

“கொடுப்பவர்கள்!” என்றோம்.