பூச்சி மருந்துக்குப் பழகிய பூச்சிகள்

ஆடி மாதம் பேரன் என்னை அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனான். சாமி கும்பிட்டது பாதி, குதிரைச் சந்தை பார்த்தது பாதி. வெள்ளைக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞரிடம், “பூச்சி மருந்தெல்லாம் கொடுக்கிறீங்களா தம்பி?” என்று கேட்டேன். “மாசந் தவறாம குடுத்துருவோம்ங்க ஐயா. ஒரு மாசங்கூட உட்டதில்லீங்க” என்றார் பெருமையாக. ஒரு காலத்தில் நானும் அதைக் கேட்டு மகிழ்ந்திருப்பேன். இப்போது அப்படி இல்லை. அதற்குக் காரணம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, கோவை மாவட்டத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். மருந்து இருப்புப் பதிவேடு என் பொறுப்பு. அப்போது எங்களிடம் குடற்புழு நீக்கத்துக்கு இருந்தது பினோதயசின் பொடி. கொடுத்த பிறகு மூத்திரம் சிவப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து ஓடி வருபவர்களைச் சமாதானப்படுத்துவதும் என் வேலைதான்.

குதிரைக்கும் நம் மண்ணுக்கும் பழைய பொருத்தமின்மை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வந்த குதிரைகள் இங்கே சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துப்போவதாக எழுதினார். அவர் புத்தகம் முதலில் எழுதப்பட்டது இத்தாலியம் கலந்த பழைய பிரெஞ்சில். பள்ளியில் அதைப் பற்றிச் சொன்னபோது எனக்குப் புழு ஞாபகம் வரவில்லை. மருந்தகத்துக்கு வந்த பிறகுதான் வந்தது.

குதிரையின் குடலில் பெரிய புழு, சின்னப் புழு என்று பல வகை. பெரிய வகையில் ஒன்றின் குஞ்சுகள் குடலுக்குப் போகும் ரத்தக் குழாயில் தங்கி, ரத்தத்தை உறையவைத்து, கடும் வயிற்றுவலியில் குதிரையைக் கொன்றுவிடும். அதை ஒழிக்க வேண்டும் என்று 1966இல் அமெரிக்காவின் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற இரு அறிஞர்கள் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். உலகமே அதைப் பின்பற்றியது. பெரிய புழு அரிதாகிவிட்டது. அந்த இடத்தைச் சின்னப் புழு பிடித்துக்கொண்டது. குடல் சுவருக்குள் சுருண்டு மாதக்கணக்கில் கிடக்கக்கூடியது அது.

எதிர்ப்பின் கதை அதற்கும் முந்தியது. பினோதயசினுக்கு அடங்காத புழுவைச் செம்மறியில் 1957இல் கண்டுபிடித்துச் சொன்னவரும் அதே டிரட்ஜ்தான். 1961இல் தயாபெண்டசோல் வந்தது. 1964இல் செம்மறியிலும் 1965இல் குதிரையிலும் அதற்கும் எதிர்ப்பு பதிவானது. 1981இல் ஐவர்மெக்டின் சந்தைக்கு வந்தது. ஜப்பானில் கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து அது. ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமானதும் அதுதான். இனிக் கவலை இல்லை என்றார்கள். 2002இல் நெதர்லாந்தில் குதிரைக் குட்டிகளின் உருளைப்புழு அதற்கும் அடங்கவில்லை என்று செய்தி வந்தது.

இது எப்படி நடக்கிறது? லட்சம் புழுக்களில் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் புழு சில இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிடுகிறது. மிஞ்சியவை மட்டும் முட்டை போடுகின்றன. அளவு குறைத்துக் கொடுத்தால் அரைகுறையாகத் தாங்கும் புழுவும் பிழைத்துக்கொள்ளும். மேய்ச்சல் நிலத்தில் மருந்து படாத சாதாரணப் புழுக் குஞ்சுகள் நிறைய இருந்தால் கலப்பில் இந்த வீரியம் நீர்த்துப்போகும். ஆனால் நம் கொரங்காடுகளைப் போன்ற வறண்ட நிலத்தில் கோடை வெயில் அந்தக் குஞ்சுகளைக் கருக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் எல்லாக் கால்நடைக்கும் மருந்து கொடுத்தால், அடுத்த மழைக்கு நிலத்தை நிரப்புவது பிழைத்தவற்றின் வாரிசுகள் மட்டுமே.

இனி என் பங்கைச் சொல்கிறேன். எங்களுக்கு வரும் மருந்து எப்போதும் பத்தாது. எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று நான் பொட்டலத்தைச் சிறிதாக்கிப் பட்டியல் போடுவேன். டாக்டர் கையெழுத்துப் போடுவார். ரேஷன் அரிசிக்கு அது நியாயம். மருந்துக்கு அது நியாயமில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1976இல் ஜட்கா ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். பாய் என்று கூப்பிடுவோம். “முன்னெல்லாம் இந்தப் பொடி போட்டா புழு கொட்டும் சார். இப்ப ஒண்ணும் வர்றதில்லே. வேற மருந்து இருந்தாக் கொடுங்க” என்றார். அவர் மருந்தை விற்றுவிட்டார் என்று நினைத்தேன். “ஏற்கெனவே வழங்கப்பட்டது” என்று எழுதி மனுவைத் திருப்பினேன். அடுத்த தடவை அவர் நடந்து வந்தார். குதிரை வயிற்றுவலியில் போய்விட்டது என்றார். என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதே 1976இல்தான் பினோதயசினுக்கும் தயாபெண்டசோலுக்கும் அடங்காத புழு செம்மறியில் இருப்பதாக நம் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். பிற்காலத்தில் நம் நீலகிரிச் செம்மறிகளிலும் அது பதிவானது. பாயின் குதிரைக்கும் அதே கதைதானா என்று இன்று நிரூபிக்க முடியாது. சாணத்தை எடுத்து முட்டை எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த மருந்தகத்தில் மைக்ராஸ்கோப் இருந்தது, உறையோடு.

இப்போது அறிஞர்கள் சொல்வது எளிது. முதலில் சாணப் பரிசோதனை. வளர்ந்த குதிரைகளில் பெரும்பாலான முட்டையைப் போடுவது சில குதிரைகள்தான். அவற்றுக்கு மட்டும், எடை பார்த்து, முழு அளவு. பதினான்கு நாள் கழித்து மறுபடி எண்ணி, மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும். லாயத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் சாணியை அள்ள வேண்டும். குட்டிகளுக்குத் தனிக் கணக்கு, அதை டாக்டரிடம் கேட்க வேண்டும். டென்மார்க்கில் 1999 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் குதிரைக்குப் பூச்சி மருந்து வாங்க முடியாது.

பூச்சி மருந்துக்குப் பிரெஞ்சில் ‘வெர்மிஃப்யூஜ்’ என்பார்கள். புழுவை ஓட்டுவது என்று அர்த்தம், ஒழிப்பது என்று இல்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த சொல்லின் பொருள் எழுபது தாண்டித்தான் விளங்கியது.

இதையெல்லாம் அந்தியூரில் அந்தத் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாணிய எங்கீங்க ஐயா கொண்டுபோய்க் குடுக்கறது?” என்று கேட்டார். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருப்பவர் அவர் சொல்வதை நம்ப வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.