உடம்பின் சோர்வு, குணத்தின் மேல் பழி

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரை வெளியார் ராமசாமி ரெட்டியாரின் ஊராக அறிவார்கள். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் அவர். இங்குள்ள பெண்களின் வரலாற்றை எழுதச் சொன்னால் நான் ‘மந்தம்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குவேன். விடிந்தும் எழ முடியாதவள், சோறு வடிக்கும்போதே அசந்து உட்காருகிறவள், உடம்பு ஊதிக்கொண்டே போகிறவள். இவளைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் அவள் உடம்பைப் பார்ப்பதில்லை.

மருத்துவம் இந்த உடம்பைப் பார்க்கத் தொடங்கியது 1873இல். லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், முகம் உப்பி, நாக்குத் தடித்து, பேச்சும் நடையும் மெதுவாகிப்போன ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். கட்டுரையின் தலைப்பிலேயே ‘பெண்கள்’ என்ற சொல் இருந்தது. 1888இல் லண்டன் மருத்துவர் குழு ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி செயலிழப்பதே காரணம் என்றது. அவர்களிலும் பெரும்பாலோர் பெண்களே.

மருந்தும் விரைவில் கிடைத்தது. 1891இல் ஜார்ஜ் மர்ரே, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அந்தப் பெண் 1919 வரை, இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று அந்த வேலையைத் தைராக்சின் மாத்திரை செய்கிறது.

மருந்து வந்த பின்னும் நோயை அடையாளம் காண்பது தவறிக்கொண்டே இருந்தது. 1949இல் ரிச்சர்ட் ஆஷர், மனநோய் என்று கருதப்பட்ட 14 பேரின் கோளாறு தைராய்டில் இருந்ததைக் காட்டினார்.

இந்தியாவில் இது உப்பின் கதையாகவும் ஆனது. 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று நிறுவியது. 1962இல் அரசின் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. எங்கள் பக்கத்து மரக்காணத்து உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு சுமக்கும் பெண்களை நாம் அறிவோம். ஆனால் உப்பு எல்லாவற்றுக்கும் விடையல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் இந்நோய் வரும். 1912இல் ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளில் கண்டது அதைத்தான். அயோடின் உப்பு அதைத் தடுக்காது.

2013இல் வெளியான ஆய்வு, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாகச் சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கண்டறிய டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை போதும். தீராத அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், அதிக மாதவிடாய்ப் போக்கு ஆகியவை சேர்ந்து வந்தால் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த மாத்திரையைத் தைராக்சினோடு சேர்த்து விழுங்கினால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்றால் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தைராக்சினை வெறும் வயிற்றில் விழுங்கி அரைமணி நேரமாவது காத்திருந்துதான் காப்பி குடிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் காப்பி கலக்கும் பெண்ணுக்கு, தனக்கென்று அந்த அரைமணி நேரம் கிடைப்பதே பெரும்பாடு. அதைப் பெற்றுத் தருவதும் சிகிச்சைதான் என்கிறேன் நான்.