ரிப்பன் மாளிகை: சென்னை மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடந்தால் வலப்பக்கம் வருவன எல்லாம் சிவப்பு. சென்ட்ரலின் மணிக்கூண்டு சிவப்பு, அடுத்து வரும் விக்டோரியா பொது மண்டபம் சிவப்பு. அதைத் தாண்டியதும் அடிமுதல் முடிவரை வெள்ளையாக நிற்பதுதான் ரிப்பன் மாளிகை. 1913 முதல் சென்னை மாநகராட்சியின் தலைமையகம் இதுவே. சாலையின் பெயர் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று மாறியது, நகரத்தின் பெயரும் 1996இல் சென்னை என்று மாறியது. ஆனால் 1880 முதல் 1884 வரை வைசிராயாக இருந்த ஓர் ஆங்கிலேயரின் பெயரை இந்தக் கட்டடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று யாரும் பெரிதாக எழுந்து நிற்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

மாநகராட்சி இந்தக் கட்டடத்தைவிட மிகப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டின் முயற்சியில், மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் காலத்தில் 1687 டிசம்பர் 30 அன்று அதற்கான சாசனம் வெளியானது. 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி முறைப்படி தொடங்கியது. நத்தேனியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள் என்ற மூத்த உறுப்பினர்கள், 60 பர்கெஸ்கள் என்ற சாதாரண உறுப்பினர்கள். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியர், யூத வணிகர், உள்ளூர் இந்து வணிகர் ஆகியோரும் இருந்தனர். இந்தக் கலவையைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு புனித ஜார்ஜ் கோட்டை நிர்வாகம் வீட்டு வரி விதித்தபோது, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் ஆட்களே உட்கார்ந்து போடும் வரியை மக்கள் அவ்வளவாக எதிர்க்கமாட்டார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மேயர் அமைப்பு பெரும்பாலும் வழக்கு விசாரிக்கும் மன்றமாகச் சுருங்கியது. பிறகு மேயர் பதவியே மறைந்தது.

தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் ஆகியவற்றைக் கவனிக்கும் நகராட்சி என்று இன்று நாம் அறிவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. அதன் அலுவலகம் ஜார்ஜ் டவுனில், எர்ரபாலு செட்டி தெருவில் இயங்கியது. துறைமுகத்துக்கும் கடைவீதிக்கும் அது வசதியான இடம்தான். ஆனால் நகரம் மேற்கிலும் தெற்கிலும் விரிந்துகொண்டிருந்தது. புதிய இடத்துக்கு மாநகராட்சி வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-60இல் உருவாக்கிய பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரும் பூங்கா சென்ட்ரலை ஒட்டி இருந்தது. 116 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் குளங்கள், பாட்டு மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. 1880களில் விக்டோரியா பொது மண்டபமும், 1900இல் மூர் மார்க்கெட்டும் அதன் நிலத்தில் எழுந்தன. மாநகராட்சியும் அங்கேயே தன் பங்கை எடுத்துக்கொண்டது. நகரத்தின் மிகப் பெரிய பூங்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றவர்களில், அதைக் காக்க வேண்டிய மாநகராட்சியும் ஒன்று என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

1909 டிசம்பர் 11 அன்று வைசிராய் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். ரிப்பன் பிரபு அதே ஆண்டு ஜூலையில்தான் இங்கிலாந்தில் காலமாகியிருந்தார். அவரை இந்தியர்கள் மறக்காததற்கு முக்கியக் காரணம் 1882 மே மாதத்தில் அவர் வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம். உள்ளூர்க் காரியங்களை உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே நடத்த வேண்டும், கூடியவரை அதிகாரிகள் தலைமை வகிக்கக் கூடாது, தொடக்கத்தில் நிர்வாகம் கொஞ்சம் தடுமாறினாலும் அரசியல் பயிற்சி என்ற முறையில் அது பயனுள்ளதே என்பது அதன் சாரம். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வழிசெய்த இல்பர்ட் மசோதாவால் இங்கிருந்த வெள்ளையர்கள் அவரை வெறுத்தார்கள். அந்த வெறுப்பே இந்தியரிடையே அவருடைய புகழை வளர்த்தது.

கட்டடத்தை வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ். கட்டியவர் லோகநாத முதலியார். மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதில் முதலியாருக்குக் கொடுத்தது ஐந்தரை லட்சம். வேலை முடிய நான்காண்டுகள் ஆயின. 85 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், மூன்று தளங்கள். நடுவில் 43 மீட்டர் உயரத்துக்கு எழும் கோபுரத்தில் இரண்டரை மீட்டர் குறுக்களவு கொண்ட கடிகாரம்.

சுற்றுலாக் கையேடுகள் பலவும் இதை இந்தோ-சாரசனிக் பாணிக் கட்டடம் என்று எழுதிவிடுகின்றன. சென்னையில் அந்தப் பாணி எப்படி இருக்கும் என்று பார்க்க, சேப்பாக்கத்தில் ராபர்ட் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ் இருக்கிறது. உயர் நீதிமன்றம் இருக்கிறது. குமிழ் மாடங்கள், வண்ணக் கண்ணாடி, பூசாத செங்கல், முகலாய வளைவுகள் என்று அவை கண்ணைப் பறிக்கும். மும்பை மாநகராட்சிக்கு எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் 1893இல் கட்டி முடித்த தலைமையகமும் கோதிக்கையும் சாரசனிக்கையும் கலந்ததுதான். ரிப்பன் மாளிகையின் முகப்போ வேறு வழியில் போகிறது. அயோனிக், கொரிந்தியன் தூண்கள், வரிசையான வளைவுகள், இருபுறமும் ஒத்துப்போகும் அமைப்பு, மேலே கைப்பிடிச் சுவர் என்று ஐரோப்பியச் செவ்வியல் மரபே அதில் ஓங்கி நிற்கிறது. கோதிக்கின் சாயல் சில இடங்களில் உண்டு. சாரசனிக் என்று சொல்ல மிகக் கொஞ்சமே இருக்கிறது. ஹாரிஸ் ஏன் இதைத் தேர்ந்தார் என்பதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். 1909க்குள் சாரசனிக் மோகம் குறையத் தொடங்கியிருந்தது. சிவப்புக் கட்டடங்களின் வரிசையில் வெள்ளை தனித்துத் தெரியும் என்ற நடைமுறை லாபமும் கிடைத்தது.

முகப்பு ஐரோப்பியது என்றாலும் உடம்பு உள்ளூர்க் கொத்தனாரின் வேலை. சுவர்கள் செங்கல்லால் எழுப்பி, சுண்ணாம்புக் காரையால் பூசப்பட்டவை. தளத்தைத் தேக்கு மர விட்டங்கள் தாங்குகின்றன. அந்தக் காலத்துச் சென்னையில் மரத்தின் மேல் தளம் போடும் முறைக்கு மெட்ராஸ் டெரஸ் என்றே பெயர். நெருக்கமாக வைத்த தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டத்தில் வரிசையாக அடுக்கிச் சுண்ணாம்பால் இணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பதும் வழக்கம். கடற்சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்துத் தேய்த்து, சலவைக்கல் போல மினுங்கவைக்கும் பூச்சு ‘மெட்ராஸ் சுன்னம்’ என்ற பெயரில் வெளிநாட்டார் குறிப்புகளிலும் இடம்பெற்றது. ரிப்பன் மாளிகையின் வெண்மை அந்த மரபின் வழியில் வந்தது. கீழ்த்தளத்தில் முதலில் பதித்திருந்தது கடப்பைக் கல். பின்னாளில் அதை எடுத்துவிட்டுச் சலவைக்கல் போட்டார்கள். கடப்பைக் கல்லின் குளிர்ச்சியை அறிந்தவர்கள் இதை முன்னேற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

கோபுரக் கடிகாரத்தை அமைத்தது மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த ஓக்ஸ் அண்ட் கோ நிறுவனம். நான்கு மணிகளையும் 1913இல் வார்த்தது இங்கிலாந்தின் கில்லட் அண்ட் ஜான்ஸ்டன். கால் மணிக்கொரு முறை வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டில் ஒலிக்கும் இக்கடிகாரம் சாவியால் ஓடுவது. நாள்தோறும் ஆள் மேலே ஏறிச் சாவி கொடுத்தாக வேண்டும்.

1913 நவம்பர் 26 அன்று வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு கட்டடத்தைத் திறந்துவைத்தார். நகரப் பிரமுகர்கள் 3,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் சத்தியாகிரகத்தை ஆதரித்து ஹார்டிஞ்ச் பேசி, லண்டனையே சங்கடப்படுத்திய புகழ்பெற்ற பேச்சும் அதே சென்னைப் பயணத்தில்தான் நிகழ்ந்தது.

விழாவை முன்னின்று நடத்திய மாநகராட்சித் தலைவர் பி.எல். மூர். அவர் அரசு நியமித்த அதிகாரி. ரிப்பனின் தீர்மானம் வந்து 31 ஆண்டுகள் ஆகியும், அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் தலைவராக உட்கார்ந்தவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றத்தில் இருந்த 36 பேரில் வட்டங்களிலிருந்து தேர்தலில் வந்தவர்கள் 20 பேர்தான். மற்றவர்களை அரசும் வணிகச் சபைகளும் பிற அமைப்புகளும் அனுப்பின. வாக்குரிமையோ வரி செலுத்துவோருக்கு மட்டும்.

நிலைமை மாறியது 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. மன்றம் தேர்ந்தெடுத்த தலைவராக நீதிக் கட்சியின் பிட்டி தியாகராயச் செட்டியார் அமர்ந்தார். அவருடைய சிலை இன்றும் மாளிகை முன் நிற்கிறது. 1920இல் அவர் தலைமையில் மன்றம் எடுத்த ஒரு முடிவு, இங்கு எடுக்கப்பட்ட எல்லா முடிவுகளிலும் தொலைதூரம் சென்றது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதிய உணவு வழங்குவது என்பதே அது. அரசின் ஆட்சேபத்தால் சில ஆண்டுகளில் நின்றுபோனாலும், பின்னர் மாநிலமே எடுத்து நடத்திய சத்துணவுக்கு முன்னோடி அதுதான். 1933இல் மேயர் பதவி திரும்பி வந்தபோது முத்தையா செட்டியார் மேயரானார். 1939இல் மேயரான சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காக வாதாடி 1940இல் அடிக்கல்லும் நாட்டவைத்தார். 1944இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 1956இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 1959 தேர்தலில் மாநகராட்சி தி.மு.க. வசம் வந்தது. அந்தக் கட்சி சென்னையில் முதலில் பிடித்த ஆட்சிப்பீடம் இந்த மாளிகைதான், மாநில அரசு இயங்கும் கோட்டை அல்ல.

1973இல் ஊழல் புகார்களை அடுத்து மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை 23 ஆண்டுகள் மேயரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அதிகாரிகளே நிர்வாகம் செய்தனர். 2016 முதல் 2022 வரை மீண்டும் அதே நிலை. சுதந்திர இந்தியாவில் இந்தக் கட்டடத்தின் மாமன்றக் கூடம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட காலம் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்திருக்கிறது. கட்டடத்தின் பெயரை நினைக்கும்போது இதற்குச் சமாதானம் சொல்வது எளிதல்ல.

நூற்றாண்டை ஒட்டி மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்ட நிதியில் மாளிகை சீரமைக்கப்பட்டது. சுண்ணாம்புக் கட்டடத்தைச் சிமென்ட்டால் ஒட்டுப்போட்டால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளே அரித்துப்போகும். ஆகவே இத்தகைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். அந்தக் கைகள் குறைந்துவருகின்றன. இதே காலத்தில் முன்புறத்து நிலத்தின் ஒரு பகுதி மெட்ரோ ரயிலின் சுரங்க நிலைய வேலைக்குப் போனது.

நகரத்தின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகவும், வட்டங்கள் 155இலிருந்து 200 ஆகவும் உயர்ந்தபின், 1913இல் போட்ட மூன்று தளங்கள் போதவில்லை. பின்புறம் எழுந்த அம்மா மாளிகை என்ற பல மாடிக் கட்டடத்துக்கு 2015இல் பல துறைகள் இடம்பெயர்ந்தன. 200 உறுப்பினர் கொண்ட மாமன்றம் பழைய மாளிகையிலேயே கூடுகிறது.