வேரதிகாரத்தின் வரலாறு

விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வாங்கியவரே உடையவர் என்பது நெடுங்கால வழக்கு. காணியொன்றை உறுதி முடித்து வாங்கியவரிடம், "காணி உம்முடையதே, ஆயினும் கிணற்றடிப் படலையின் திறப்பு மட்டும் என்னிடமே இருக்கும். வேண்டும்போது நானே வந்து திறந்து விடுவேன்" என்று விற்றவர் கூறுவாராயின், அன்று மாலையே அது பெரும் வழக்காகிவிடும். ஆனால், இன்று கையடக்கத் தொலைபேசி வைத்திருப்போருட் பெரும்பாலார் அத்தகைய காணிக்காரரே. பொறி அவர்களுடையது. அப்பொறியின் உள்ளே எதனையும் மாற்றவும் நீக்கவும் வல்ல தலையான அதிகாரமோ ஆக்கிய கொம்பனியினிடத்தே தங்கியிருக்கிறது. அவ்வதிகாரத்துக்கு 'ரூட்', அதாவது வேர், என்று பெயர். பூட்டிய தொலைபேசியினுள்ளே புகுந்து அதனைக் கைக்கொள்ளுதலையே 'ரூட் செய்தல்' என்கின்றனர். இளைஞரின் விளையாட்டுப்போலத் தோன்றும் இச்செயலின் பின்னே, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வழக்கு நடந்து வந்திருக்கிறது.

வழக்கின் முதற்கட்டம் கணினி வீட்டுக்குள் வருவதற்கு முன்னரே தொடங்கிற்று. ஐக்கிய அமெரிக்காவில் ஏ.ரி. அண்ட் ரி. என்னும் கொம்பனி தொலைபேசித் தொழிலைப் பெரும்பாலும் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. வீட்டிலிருந்த தொலைபேசியும் அதற்கே சொந்தம். சந்தாதாரர் அதனை வாடகைக்குப் பெற்றவர் மட்டுமே. அக்காலத்தில் 'ஹஷ் ஏ போன்' என்றொரு சிறு கருவி விற்பனையாயிற்று. பேசும் வாய்ப்பகுதியிற் பொருத்தும் கிண்ணம் போன்ற அதனால், பேசுபவரின் சொல் அருகிலிருப்போர் செவியில் விழாது. மின்கம்பி எதுவும் அதில் இல்லை. அதனைக்கூடப் பொருத்தலாகாதெனக் கொம்பனி தடுத்தது. அந்நியப் பொருள் எதுவாயினும் தொலைபேசி வலையமைப்புக்கு ஊறு விளைவிக்கும் என்பதே அது கூறிய காரணம். 1956 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பிறருக்குத் தீங்கு நேராதவிடத்துத் தன் தொலைபேசியைத் தனக்கு நன்மையான வகையிற் பயன்படுத்தும் உரிமை சந்தாதாரருக்கு உண்டென்பது தீர்ப்பின் சாரம். 1968 இல் தோமஸ் காட்டர் என்னும் டெக்சாஸ்காரர், வானொலித் தொடர்பைத் தொலைபேசியோடு இணைக்கும் தமது 'காட்டர்போன்' கருவியை முன்னிட்டு இவ்வுரிமையை மேலும் விரிவுபடச் செய்தார். வலையமைப்புக்கு ஊறு என்னும் அவ்வாதத்தை நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று. அது பின்னர் மீண்டும் வரும்.

காட்டர்போன் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டில், அதே ஏ.ரி. அண்ட் ரி. கொம்பனிக்குரிய பெல் ஆய்வுகூடத்தில், நியூ ஜேர்சி மாநிலத்து மரே ஹில் என்னுமிடத்தில், கென் தொம்சன் என்பார் யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைத் தொடங்கினார். டெனிஸ் ரிச்சி அவருக்குத் துணை நின்றார். கணினியின் உறுப்புக்களை ஆண்டு, செய்நிரல்களுக்கு இடமும் நேரமும் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமை. யூனிக்ஸில் கோப்புக்கள் யாவும் தலைகீழாய் நட்ட ஒரு மரம்போல அடுக்கப்பட்டுள்ளன. மரத்தின் தொடக்கம் வேர் எனப்படும். பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பூச்சியம் என்னும் எண்ணைப் பெற்றவர் எவரோ அவருக்கு எக்கோப்பும் மூடப்படுவதில்லை. அவரே ரூட் பயனர்.

இவ்வேற்பாட்டிற் கொடுங்கோன்மை இருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. அக்காலக் கணினி ஓர் ஊர்க்கிணறு. பலர் ஒரே பொறியைப் பகிர்ந்தனர். ஒருவர் கோப்பை மற்றொருவர் அழித்துவிடாதபடி காக்க ஒரு காவலர் வேண்டியிருந்தது; காவலர் கையில் முழுத் திறப்புக்கோவையும் இருந்தது. ஆயினும், காவலரே ஆண்டவராய்விடும் ஐயம் அப்போதும் இல்லாமலில்லை. 1984 இல் மசசூசெற்ஸ் தொழினுட்பக் கல்விநிலையத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பயனர் சிலர் தலைமைக் கடவுச்சொல்லை மாற்றி ஏனையோரிடமிருந்து மறைத்தனர். ரிச்சட் ஸ்டால்மன் என்பார் பணிசெயல் முறைமையையே திருத்தி அதிகாரத்தை யாவர்க்கும் மீட்டுக் கொடுத்தார். அந்நிகழ்ச்சியை அவர் பின்னர் தமது மென்பொருள் ஒன்றின் கைந்நூலிலும் எழுதி வைத்தார். கைந்நூலில் அரசியல் எழுதிய முதல்வரோ என்னவோ, அத்துணை வேகமுடையவர் அவர்.

1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோவால்ட்ஸ் யூனிக்ஸைப் பின்பற்றி லினக்ஸ் என்னும் கருவினை எழுதி, பின்னர் அதனை ஸ்டால்மன் வகுத்த திறந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டார். மூல எழுத்தை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது உரிமம். சில ஆண்டுகளில் அதற்கொரு புதுமையான இடையூறு நேர்ந்தது. ரிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுப் பொறி லினக்ஸைக் கொண்டு இயங்கிற்று. மூல எழுத்தும் உரிமப்படி வழங்கப்பட்டது. ஆனால், எவரேனும் அதனைத் திருத்திப் பொறியில் இட்டால் பொறி இயங்க மறுத்தது. கொம்பனியின் இரகசிய இலக்கக் கையொப்பமுள்ள மென்பொருளையன்றிப் பிறிதொன்றை அது ஏற்காது. நூலைக் கொடுத்து, அதனை வாசிக்கும் விளக்கைத் தானே வைத்துக்கொண்டமை போன்றது இது. வெகுண்ட ஸ்டால்மன் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில், பொதுமக்களுக்கு விற்கப்படும் பொறிகளில் திருத்திய மென்பொருளை நிறுவுதற்கு வேண்டிய திறப்பையும் கொடுத்தல் வேண்டும் என விதித்தார். டோவால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. மென்பொருளை எழுதியவர் வன்பொருளுக்கு விதி செய்தல் தகாது என்பது அவர் கருத்து. லினக்ஸ் இரண்டாம் பதிப்பிலேயே நின்றது.

அந்த மூன்றாம் பதிப்பு வெளியான நாள் 2007 ஆம் ஆண்டு யூன் மாதம் 29 ஆந் திகதி. அப்பிள் கொம்பனியின் ஐபோன் கடைக்கு வந்ததும் அதே நாளில்தான். திறப்பைக் கொடு என்னும் எழுத்தும், திறப்பில்லாத அழகிய பேழையும் ஒரே நாளிற் பிறந்தன. இதனைத் தற்செயல் என்பதன்றி வேறொன்றும் கூறுவதற்கில்லை. ஆயினும், மேற்கொண்டு நிகழ்ந்தவற்றில் ஐபோனின் வழியே மேலோங்கிற்று.

கூகிள் கொம்பனி 2005 இல் விலைக்கு வாங்கிய அன்ட்ரொயிட் முறைமை லினக்ஸைக் கருவாகக் கொண்டது. அம்முறைமையோடு முதலில் விற்பனைக்கு வந்த 'ஜீ-1' என்னும் தொலைபேசி 2008 ஒக்டோபரில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அன்ட்ரொயிட்டைச் சமைத்தோர் செய்த ஒரு மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. யூனிக்ஸின் பயனர் எண்களை அவர்கள் மனிதருக்கு வழங்கவில்லை. நிறுவப்படும் செயலி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண்ணை வழங்கினர். கடிதச் செயலி ஒரு பயனர். விளையாட்டுச் செயலி மற்றொரு பயனர். ஒன்றின் அறையுள் மற்றொன்று நுழையாது. பாதுகாப்பு நோக்கில் இஃது அரிய சிந்தனை. ஆனால், பழைய ஊர்க்கிணற்றில் காவலரும் ஊராரும் மனிதராயிருந்தனர். இங்கோ ஊரார் யாவரும் செயலிகள். காவலர் தொலைவிலுள்ள கொம்பனி. பொறியை வாங்கிய மனிதருக்கோ அவ்வூரில் எண் இல்லை.

எண்ணில்லாத அம்மனிதர் வேரைக் கண்டெடுத்த முதல் நிகழ்ச்சி நகைப்புக்குரியது. ஜீ-1 வெளியாகி இரண்டு கிழமை சென்றிருக்கும். பயனர் ஒருவர் தம் தோழிக்குக் குறுஞ்செய்தி எழுதிக்கொண்டிருந்தார். மறுமொழி தாமதித்தது ஏன் என்று அவர் கேட்க, தொலைபேசியை மீளத் தொடக்கியதே காரணம் என்னும் பொருளில் 'ரீபூட்' என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டினார். மறுகணம் தொலைபேசி தானாகவே அணைந்து மீளத் தொடங்கிற்று. விசைப்பலகையில் தட்டும் எழுத்துக்கள் யாவும், திரைக்குப் பின்னே ரூட் அதிகாரத்தோடு விழித்திருந்த கட்டளை வாங்கி ஒன்றுக்கும் போய்க்கொண்டிருந்தன. ஆக்கியோர் சோதனைக்காக வைத்து அகற்ற மறந்த வாயில் அது. காதலியிடம் சொன்ன சொல்லைப் பொறி தனக்கிட்ட கட்டளையாகக் கொண்டது.

கூகிள் விரைந்து ஒரு திருத்தம் அனுப்பி அவ்வாயிலை அடைத்தது. திருத்தத்தை ஏற்கலாமா, கூடாதா என்னும் கேள்வி அப்போதுதான் முதன்முதலாகப் பயனர் முன் நின்றது. ஏற்றால் பாதுகாப்பு, மறுத்தால் ஆட்சி. பலர் மறுத்தனர். ஏற்று வருந்தியவர்கள் பழைய மென்பொருளைச் சிறு நினைவக அட்டையில் இட்டு, தொலைபேசியைப் பழைய நிலைக்குத் தாழ்த்தி, மீண்டும் அவ்வாயில் வழியே நுழைந்தனர். உள்ளே நுழைந்ததும் 'சூ' என்னும் சிறு செய்நிரலை முறைமைப் பகுதியில் வைத்துவிடுவர். இயக்குபவர் எவராயினும் உடையவரின் அதிகாரத்தோடு ஒரு செய்நிரல் இயங்கலாம் என்னும் உத்தி, பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி கண்டுபிடித்து ஆக்கவுரிமை பெற்றது. அதே உத்தியே இங்கும் உதவிற்று.

வேரைப் பெற்றவர்கள் அதனைக் கொண்டு செய்தது என்ன? கொம்பனி திணித்த வேண்டாத செயலிகளை நீக்கினர், முழுப் பொறியையும் படியெடுத்து வைத்தனர், விளம்பரங்களைத் தடுத்தனர். இவற்றினும் மேலாக, ஆக்கியோர் கைவிட்ட பழைய பொறிகளுக்குப் புதிய முறைமையை இட்டனர். ஸ்டீவ் கொண்டிக் என்பார் 2009 இல் தொடங்கிய சயனோஜென்மொட் இவ்வகையிற் புகழ்பெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் கூகிள் அவருக்குத் தடைக்கடிதம் அனுப்பிற்று. திறந்த மூலப் பகுதிகளைப் பற்றி அதற்கு மறுப்பில்லை. கூகிளின் சொந்தச் செயலிகளைச் சேர்த்து வழங்கலாகாது என்பதே கோரிக்கை. அவற்றை நீக்கி அவர் முயற்சியைத் தொடர்ந்தார். 2016 இறுதியில் சயனோஜென்மொட் முடிவுற்றபோது, லினேஜ் ஓ.எஸ். என்னும் பெயரில் தன்னார்வலர் அதனை மேற்கொண்டனர்.

ஐபோன் பக்கத்தில் இதே செயலுக்குச் 'சிறையுடைப்பு' என்று பெயர் வைத்தனர். அப்பிள் இசையாத செயலிகளை நிறுவ அக்காலத்தில் அஃது ஒன்றே வழியாயிருந்தது. 1998 இல் நிறைவேறிய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமொன்று இலக்கப் பூட்டுக்களை உடைத்தலைத் தடை செய்திருந்தது. சிறையுடைப்புக்கு விலக்களிக்க வேண்டுமென எலெக்ரோனிக் புரொன்ரியர் பவுண்டேசன் என்னும் உரிமை அமைப்பு மனுச் செய்தது. அப்பிள் எதிர்த்தது. பூட்டுடைந்த தொலைபேசியால் செல்பேசிக் கோபுரங்களையே தாக்கிச் செயலிழக்கச் செய்ய முடியும் என்பது அதன் வாதங்களுள் ஒன்று. வாய்க்கிண்ணம் வலையமைப்பைக் கெடுக்கும் என்ற பழைய குரலே அரை நூற்றாண்டின் பின் வேறொரு வாயிலிருந்து ஒலித்தது. ஐபோனை அப்போது அமெரிக்காவில் தனியுரிமையோடு வழங்கியதும் ஏ.ரி. அண்ட் ரி. என்னும் பெயருடைய கொம்பனியே. 2010 யூலையில் காங்கிரஸ் நூலகத் தலைவர் மனுவை ஏற்று விலக்களித்தார். ஆனால், விலக்குத் தொலைபேசிக்கு மட்டுமே. 2012 இல் கைக்கணினி எனப்படும் ரப்லற்றுக்கும் அது கேட்கப்பட்டபோது, ரப்லற் என்பது யாது என்று தெளிவாக வரையறுக்கப்படவில்லை எனக் கூறி மறுக்கப்பட்டது. ஒரே முறைமை, ஒரே பூட்டு. திரையின் அளவு பெருத்தால் அதே செயல் குற்றமாயிற்று. 2015 இலேதான் இம்முரண் நீங்கிற்று.

இவ்வளவும் கேட்டவர், ஆக்கியோர் பக்கம் நியாயமே இல்லையோ என எண்ணலாம். அவ்வாறன்று. உடையவர் நுழையும் ஓட்டை கள்வருக்கும் ஓட்டையே. 2011 மார்ச்சில் 'ட்ரொயிட் ட்ரீம்' என்னும் தீநிரல் 50க்கு மேற்பட்ட செயலிகளுள் ஒளிந்து அன்ட்ரொயிட்டின் சொந்தச் சந்தையிலேயே விற்பனைக்கு வந்தது. ஆர்வலர் தம் பொறிகளை ரூட் செய்யப் பயன்படுத்திய அதே வழிகளால் அது வேரைப் பிடித்தது. அதனை மக்கள் பொறிகளிலிருந்து தொலைவிலிருந்தே அகற்றியது கூகிள். கொம்பனியின் கையில் அதிகாரம் இருந்தமையாலேயே அது இயன்றது. 2016 இல் வெளிப்பட்ட 'டேர்ட்டி கௌ' என்னும் குறை 2007 முதல் லினக்ஸின் கருவுள்ளேயே மறைந்து கிடந்தது. அதனையும் ஆர்வலரும் தீயோரும் ஒருங்கே பயன்கொண்டனர். தவறான மென்பொருளை இட்டுப் பொறியை உயிரற்ற செங்கல்லாக்கிக் கொண்டவர்களும் பலர்.

ஓட்டை வழியே நுழைவதன்றி வாயில் வழியே நுழையவும் ஒரு முறை உண்டு. 2010 சனவரியில் வெளியான நெக்சஸ் ஒன் தொலைபேசியில் ஒரே கட்டளையால் பூட்டை நீக்க இடமளித்தது கூகிள். உத்தரவாதம் அற்றுப்போகும் என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். இசைந்தால் பூட்டுத் திறக்கும். உடையவரே அறிந்து ஏற்கும் இடர் அது. வழக்குக்கு நேர்மையான தீர்வு இதனினும் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் எல்லாரும் அதனைப் பின்பற்றவில்லை. சம்சுங் 2013 முதல் தன் தொலைபேசிகள் பலவற்றில் மின்னுருகி ஒன்றை அமைத்தது. பிறர் மென்பொருள் ஏறிய கணமே அஃது எரியும். எரிந்ததை மீட்க எவராலும் இயலாது. திறப்பு எண் வழங்கிவந்த ஹுவாவெய் 2018 இல் அதனை நிறுத்திற்று.

அதன்பின் போர்க்களம் இடம் மாறிற்று. 2016 இல் ஜோன் வூ என்னும் மாணவர் 'மஜிஸ்க்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். முறைமைப் பகுதியின் ஓரெழுத்தையும் மாற்றாமல் வேரைத் தருவதும், அது தரப்பட்டதை மறைப்பதும் அக்காலத்தில் அதன் திறன். மறைக்க வேண்டிய காரணம் யாதெனில், வங்கிச் செயலிகள் பல, தொலைபேசி ஆக்கியோர் விட்ட நிலையிலேயே உள்ளதா எனக் கூகிளின் சேவையிடம் கேட்டறிந்தே இயங்குகின்றன. அச்சோதனை நாளடைவில் பொறியின் வன்பொருளுள்ளே பொறித்த இரகசிய எண்களைச் சான்றாகக் கோரத் தொடங்கிற்று. 2010 இல் கிடைத்த சட்டவிலக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 2024 இலும் தொடர்ந்தது. பூட்டை உடைத்த உடையவரை நீதிமன்றம் தேடுவதில்லை. அவர் காலையில் மின்கட்டணம் செலுத்த வங்கிச் செயலியைத் திறக்கிறார். இப்பொறி நம்பத்தக்கதன்று என்று ஒரு வரி திரையில் எழுகிறது, செயலி மூடிக்கொள்கிறது.