போர்ட் (சொல்)

போர்ட் என்பது துறைமுகம், கப்பலின் இடப்பக்கம், போர்ச்சுகல் நாட்டு மது வகை, கணினியில் கம்பி செருகும் வாய், கைப்பேசி எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுதல் எனப் பல பொருள் தரும் ஆங்கிலச் சொல். இப்பொருள்கள் ஒரே வழியில் வந்தவை அல்ல. துறைமுகம் இலத்தீனின் போர்ட்டஸிலிருந்தும், செருகுவாய் வாயிலைக் குறிக்கும் போர்ட்டாவிலிருந்தும், மாற்றுதல் சுமத்தலைக் குறிக்கும் போர்ட்டாரேயிலிருந்தும் வந்தன. மதுவுக்குப் பெயர் தந்தது ஓப்போர்ட்டோ நகரம். பழங்காலக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் இடப்பக்கமே கரையை அணைந்தது. அதனால் அப்பக்கம் போர்ட் ஆயிற்று.

இத்தனை பொருள் இருந்தும் பேச்சில் குழப்பம் நேர்வதில்லை. பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு ஆகியவை தெளிவாக்கும் என்பது தொல்காப்பியம் காட்டும் வழி. சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் ‘போர்ட்டுக்கு லோடு போகுது’ என்றால் மதுவையோ கணினியையோ யாரும் நினைப்பதில்லை. எந்தத் துறைமுகம் என்பதில்தான் ஐயம் எழும். 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் காமராசர் துறைமுகமும், 2018இல் அதானி குழுமம் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்தால் அந்த ஐயமும் தீர்ந்துவிடும்.

அப்படியானால் சொற்பொருளை விதி போட்டு வரையறுக்க வேண்டியதில்லை என்று வாதிடலாம். கப்பலின் சுக்கானருகே இந்த வாதம் நிற்காது. பழைய முறையில் ‘போர்ட்’ என்ற ஆணை சுக்கான்பிடியை இடப்பக்கம் தள்ளச் சொன்னது. கப்பலோ வலப்பக்கம் திரும்பியது. இடமும் ஆளும் வினையும் ஒன்றாக இருக்க, பொருள் மட்டும் நேர்மாறாகும்போது சார்பு கைகொடுக்காது. எனவே 1930களில் ஆணைச்சொல் கப்பல் திரும்பும் திசையையே குறிக்க வேண்டும் என்று பன்னாட்டளவில் வரையறுத்தனர். அதற்கு முன்பே, 1844இல், இடப்பக்கத்துக்கான லார்போர்டு வலப்பக்கத்துக்கான ஸ்டார்போர்டு போலவே ஒலித்ததால், பிரிட்டிஷ் கடற்படை அதை நீக்கிப் போர்ட்டை ஏற்றது.

மின்கருவிகள் பெருகிய இக்காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்ற கேள்வியும் எழலாம். இன்றும் துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தும் பைலட் வாயால்தான் ஆணையிடுகிறார். சுக்கான் பிடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிறார். இருவரின் தாய்மொழியும் வேறாக இருக்கலாம். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதற்குச் சொற்குழப்பம் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கப்பல்கள் நெருங்கும் இடத்தில் பிழையின் விலை என்ன என்பதை எண்ணூர்க் கரை கண்டது. ஆகவே அகராதி இப்பொருள்களை ஒரே வரிசையில் அடுக்கினாலும் அவை ஒரே தன்மையன அல்ல: மற்றவற்றைப் பேச்சுச் சூழல் காக்கிறது, இடப்பக்கத்தை விதி காக்கிறது.