நடுவராக இதழாளர்: 1951ஆம் ஆண்டுச் சட்டமும் பத்திரிகைக் கவுன்சிலும்

இதழாளர் பிழையை இதழாளரே ஆராய்தல் வேண்டும் என்னும் கொள்கை, இந்நாட்டில் 1966இல் நிறுவப்பெற்ற பத்திரிகைக் கவுன்சிலோடு தோன்றியது எனக் கருதுவாருளர். ஆயின், அக்கொள்கையின் ஒரு கூறு, இதழாளர் எதிர்த்து நின்ற 1951ஆம் ஆண்டுச் சட்டத்தினுள்ளேயே அமைந்திருந்தது. அச்சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொணர்ந்தவர் அந்நாள் உள்துறை அமைச்சர் இராசாசி. அவர் பிறந்த தொரப்பள்ளி அக்காலத்துச் சேலம் மாவட்டத்தது. 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தது. அச்சட்டத்திற்கும் கவுன்சிலுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழொழுக்கம் பற்றிய எந்த ஏற்பாட்டையும் மூன்று வினாக்களால் அளந்தறியலாம். குற்றம் இன்னதென வகுப்பவர் யார்? குற்றம் நிகழ்ந்ததா எனத் துணிபவர் யார்? அதற்குரிய தண்டம் யாது?

1910, 1931ஆம் ஆண்டுகளில் ஆங்கில அரசு இயற்றிய அச்சகச் சட்டங்களில் இம்மூன்றும் அரசின் கையிலேயே இருந்தன. அச்சகத்தார் ஜாமீன் தொகை கட்டினர். அரசு விரும்பியபோது அதனைப் பறிமுதல் செய்தது. உயர்நீதிமன்றத்தை நாடுதல் அதன் பின்னரே இயலும். பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவா 'ஞானபாநு' இதழை நடத்தியது 1910ஆம் ஆண்டுச் சட்டம் நிலவிய காலத்தேயாம்.

இராசாசியும் இதழ்த்தொழில் அறிந்தவரே. திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்கிற்காக 'விமோசனம்' இதழை 1929இல் தொடங்கியவர் அவர். அவர் கொணர்ந்த சட்டத்திலும் ஜாமீன் முறை நீங்கவில்லை. எனினும், அதனைக் கேட்கும் அதிகாரம் நிர்வாகத்தினின்று செஷன்ஸ் நீதிபதிக்கு மாறியது. மேலும், குற்றஞ்சாட்டப்பட்டவர் வேண்டின், ஜூரி என்னும் நடுவர் குழுவின் துணையோடு வழக்கு ஆராயப்படும். இதழ்த்தொழிலிலோ அச்சுத்தொழிலிலோ பொதுவாழ்விலோ பயிற்சியுடையாரே அக்குழுவில் அமர்தற்குரியர். இரண்டாம் வினாவிற்கு இதழாளரையும் விடையாக்கிய இவ்விதி பெரிதும் கவனிக்கத்தக்கது.

ஆயினும் இதழாசிரியர் சங்கங்கள் இச்சட்டத்தை ஏற்றில. 'ஆட்சேபத்துக்குரிய செய்தி' இன்னதென வகுத்தது அரசே, தண்டமும் அரசினதே. பிறர் வகுத்த குற்றத்திற்குத் தீர்ப்புரைக்க மட்டும் அழைக்கப்பெறுதல் தன்னாட்சி ஆகாது என்பது இவ்வெதிர்ப்பிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்தாகும். இச்சட்டம் 1956இல் காலாவதியாயிற்று.

இதற்கிடையே, நீதிபதி இராசாத்தியட்சர் தலைமையில் 1952இல் அமைந்த பத்திரிகை ஆணைக்குழு, 1954இல் தன் அறிக்கையில் பத்திரிகைக் கவுன்சில் ஒன்றைப் பரிந்துரைத்தது. 1965இல் சட்டம் இயற்றப்பெற்று, 1966 சூலை 4இல் கவுன்சில் தோன்றியது. அதன் இரண்டாம் தலைவர் தமிழ்நாட்டைச் சார்ந்த நீதிபதி என். இராசகோபால ஐயங்கார். நெருக்கடி நிலையின்போது, 1976 சனவரி 1இல் அது கலைக்கப்பட்டது. அதே காலத்தில் ஆட்சேபத்துக்குரிய செய்திகளைத் தடுக்கும் புதுச்சட்டம் ஒன்றும் பிறந்தது. பெயரளவில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒத்ததாயினும், அதில் நடுவர் குழு இல்லை. அதிகாரம் மீண்டும் நிர்வாகத்தைச் சேர்ந்தது. 1977இல் அச்சட்டம் நீக்கப்பெற்றது.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சில் மறுபிறப்பெய்தியது. அச்சட்டம் வகுத்தவாறு, தலைவர் நீங்கலாக உறுப்பினர் 28 பேர். அவருள் 13 பேர் ஆசிரியரும் பிற இதழாளரும். 6 பேர் இதழ் உரிமையாளர் அல்லது மேலாளர். ஒருவர் செய்தி நிறுவனத்தார். மூவர் சாகித்திய அகாதெமி முதலிய அமைப்புகளின் சார்பினர். ஐவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஒழுக்க நெறிகளைத் தொகுப்பதும், முறையீட்டை ஆராய்வதும் இக்குழுவின் பணி. தண்டமோ எச்சரித்தல், கடிந்துரைத்தல், கண்டித்தல் என்னும் சொல்லளவினதே. அபராதமும் இல்லை, இதழை நிறுத்தும் ஆற்றலும் இல்லை. முதலிரு வினாக்களில் இதழாளர் பெற்ற உரிமைக்கு மூன்றாவதன் மென்மையே விலையாயிற்று.

இம்மென்மை குறையா, நிறையா? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி வழக்கு இதனை எண்ணிப் பார்க்கத் தூண்டும். 1992 சூன் 20இல் அவ்வூரில் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேருள் 54 பேர் தீர்ப்பிற்கு முன்னரே இறந்தனர். எஞ்சிய 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடுதல் குற்றம் என்னும் விதி 1983இலேயே தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. பெயரை நீக்குதல் எளிது. ஊர்ப்பெயரே வழக்கின் பெயராகிவிட்ட ஒரு சிற்றூரிலோ, வயதும் உறவுமுறையும் கூறின் பெயர் கூறாமலே ஆள் விளங்கும். எச்சொல் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அச்சேறுமுன் உணரவல்லவர் செய்தி எழுதுவோரும் திருத்துவோருமே. நீதிமன்றம் பின்னர்த் தண்டிக்கலாம். வெளிப்பட்ட அடையாளத்தை மீண்டும் மறைத்தல் எவர்க்கும் இயலாது.

ஆகவே, தொழிலறிவுடையார் தீர்ப்பு வேண்டும் என 1951ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டது பொருத்தமே. அத்தீர்ப்பை அரசின் தண்டத்தோடு பிணித்ததே அதன் குறை. கவுன்சில் அப்பிணிப்பை அறுத்தது. ஆனால் சொல்லையே தண்டமாகக் கொண்ட மன்றம், அச்சொல்லுக்கு நாணும் இதழ்கள் உள்ளவரையே பயன்படும். கண்டனத்தைப் பொருட்படுத்தாத இதழின்முன் அது வலியற்றது. அந்நாணத்தைச் சட்டத்தால் விதித்தல் இயலாது. அது செய்தி தொகுக்கும் அறையிலேயே வளர்தற்குரியது.